நான்கு நிமிடங்களும் ஒரு மலைக்கணவாயும்

ஒரு சிறு கணக்குடன் தொடங்குவோம். 8 மைல் நீளமுள்ள ஒரு சாலையில் ஒரு கார் மணிக்கு 70 மைல் வேகத்தில் செல்கிறது. இன்னொரு கார் மணிக்கு 45 மைல் வேகத்தில் செல்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் புறப்பட்டால், இரண்டாவது கார் எத்தனை நிமிடம் பின்தங்கி வந்து சேரும்?

இந்தக் கேள்வியை என் வகுப்பில் கேட்கும்போது, பென்சிலைத் தொடாமல் ஊகித்துச் சொல்லச் சொல்வேன். கால் மணி என்பார் ஒருவர். பத்து நிமிடம் என்பார் இன்னொருவர். பிறகு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் காருக்கு 6.9 நிமிடம், இரண்டாவதற்கு 10.7 நிமிடம். வேறுபாடு நான்கு நிமிடங்கள்கூட இல்லை!

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள நியூ ஹாம்ப்ஷயர் என்னும் சிறு மாநிலத்தில், ஏறத்தாழ இந்த நான்கு நிமிடங்களைப் பற்றிக் கால் நூற்றாண்டுக்கு மேல் வாதம் நடந்தது. சட்டமன்றம், நீதிமன்றம், நாட்டின் பாராளுமன்றமாகிய காங்கிரஸ் எல்லாம் அதில் தலையிட்டன. வாதாடியவர்களில் பலர் அது ஓர் அழகான இடத்தைப் பற்றிய வாதம் என்று எண்ணினார்கள். அதுவும் சரிதான். ஆனால் அதன் அடியில் நீங்கள் பள்ளியில் படிக்கும் இயக்கவியல் இருந்தது. அதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

பனியாறு குடைந்த வாசல்

நியூ ஹாம்ப்ஷயரின் வடபகுதியில் வெள்ளை மலைகள் என்னும் மலைத்தொடர் இருக்கிறது. அதில் ஒரு குறுகிய இடைவெளிக்கு ஃபிராங்கோனியா கணவாய் என்று பெயர். மேற்கே கேனன் மலையின் செங்குத்தான கிரானைட் பாறை முகம். கிழக்கே 5,249 அடி உயரமுள்ள லஃபாயெட் சிகரம். பனிக்காலத்தில் பெரும் பனியாறுகள் இந்த இடைவெளி வழியே நகர்ந்தன. ஓடும் ஆறு பள்ளத்தாக்கைக் கத்தியால் கீறியதுபோல் அறுக்கும். பனியாறோ அகப்பையால் வழித்ததுபோல் குடையும். ஆகவே இங்கே பக்கங்கள் செங்குத்தாகவும், அடிப்பகுதி வளைவாகவும் இருக்கின்றன. அந்த அடிப்பகுதியில் இரண்டு சிறு ஏரிகள், பெமிஜிவாசெட் ஆற்றின் தொடக்கம், காடு, ஒரு பழைய சாலை இவ்வளவுக்குத்தான் இடம்.

கேனன் மலையின் பாறை விளிம்பில், கீழேயுள்ள ஏரியிலிருந்து சுமார் 1,200 அடி உயரத்தில், ஐந்து கிரானைட் அடுக்குகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வடக்கேயிருந்து ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்று பார்த்தால் அவை ஒன்று சேர்ந்து, நெற்றி, மூக்கு, உதடு, தாடையுடன் கூடிய ஒரு முதியவரின் பக்கவாட்டு முகமாகத் தெரியும். உயரம் சுமார் 40 அடி. வேறு திசையிலிருந்து பார்த்தால் முகம் கலைந்து வெறும் கல்லாகிவிடும். இந்த 'மலைக்கிழவரை' 1805-ஆம் ஆண்டையொட்டிப் பதிவு செய்தவர்கள் யார் தெரியுமா? சாலை போட நிலம் அளக்க வந்தவர்கள்! நதானியேல் ஹாதார்ன் என்ற எழுத்தாளர் இந்த முகத்தை வைத்து ஒரு சிறுகதையே எழுதினார். பின்னர் அது மாநிலத்தின் சின்னமாயிற்று. மாநில நெடுஞ்சாலைகளின் எண் பலகைகளில்கூட அந்த முகத்தின் வடிவத்தைக் காணலாம்.

1920-களில் இக்கணவாயின் சொந்தக்காரர்கள் அதை விற்க முன்வந்தார்கள். மரம் வெட்டும் கம்பெனிகள் வாங்கிவிடும் என்ற அச்சம் எழுந்தது. விலை 4 இலட்சம் டாலர். பாதியை மாநில அரசு தந்தது. மீதியைத் திரட்டும் பொறுப்பை நியூ ஹாம்ப்ஷயர் காடுகள் பாதுகாப்புச் சங்கம் ஏற்றது. பெருந்தொகை ஒன்று ஒரு செல்வரின் சொத்திலிருந்து வந்தது. எஞ்சியதற்கு, 'ஒரு டாலர் கொடுத்து ஒரு மரத்தை வாங்குங்கள்' என்று சங்கம் மக்களைக் கேட்டது. பள்ளிப் பிள்ளைகளும் காசு சேர்த்துக் கொடுத்தார்கள். 1928-ல் கணவாய் மாநிலப் பூங்காவாயிற்று. பிற்காலத்தில் எழுந்த எதிர்ப்பின் வேகத்தைப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மரங்களுக்குக் காசு கொடுத்தவர்கள் பலர் அப்போதும் உயிருடன் இருந்தார்கள்.

வேகத்தின் வர்க்கம்

1956-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நாடு முழுவதையும் இணைக்கும் 'இன்டர்ஸ்டேட்' நெடுஞ்சாலைத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கியது. செலவில் 90 விழுக்காடு மத்திய அரசினுடையது. இன்டர்ஸ்டேட் 93 என்ற சாலை தெற்கே பாஸ்டன் பக்கத்திலிருந்து வடக்கே வெர்மாண்ட் மாநிலம் வரை செல்ல வேண்டும். நேர்வழி ஃபிராங்கோனியா கணவாய்தான்.

சாலை வேண்டும் என்றவர்களைத் தீயவர்களாக எண்ணிவிடாதீர்கள். வடக்கே இருந்த சிற்றூர்களுக்குப் பிழைப்பு குறைவு. நல்ல சாலை வந்தால் தொழிலும் பயணிகளும் வருவார்கள். கணவாயில் இருந்த பழைய சாலையில் கோடையிலும், இலைகள் சிவக்கும் இலையுதிர் காலத்திலும் வண்டிகள் எறும்புச் சாரைபோல் ஊர்ந்தன. எதிரும் புதிருமாக வரும் வண்டிகளுக்கிடையே தடுப்பு ஏதுமில்லை. அத்தகைய சாலையில் விபத்து நேர்வது இயல்பு. "கல்லைப் பார்ப்பதா, மனிதனைப் பார்ப்பதா?" என்ற கேள்விக்கு எதிர்ப்பாளர்கள் விடை சொல்லியே ஆக வேண்டியிருந்தது.

இனி சாலையை ஓர் இயற்பியல் கணக்காகப் பார்ப்போம்.

வளைவில் திரும்பும் காருக்கு மைய நோக்கு விசை தேவை. அதைத் தருவன இரண்டு: சக்கரத்துக்கும் சாலைக்கும் இடையேயுள்ள உராய்வு, வளைவில் சாலையின் வெளி விளிம்பைச் சற்று உயர்த்தி அமைக்கும் சரிவு. பொறியாளர்கள் மழையையும் பனியையும் எண்ணி உராய்வைக் குறைவாகவே கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். உராய்வுக்கு 0.10, சரிவுக்கு 0.08, ஆகக் கூடுதல் 0.18 என்று வைத்துக்கொள்வோம். வளைவின் மிகக் குறைந்த ஆரம் காண வேண்டுமானால், வேகத்தின் வர்க்கத்தை ஈர்ப்பு முடுக்கத்தாலும் இந்த 0.18-ஆலும் வகுக்க வேண்டும். மணிக்கு 70 மைல் என்பது வினாடிக்கு 31.3 மீட்டர். விடை 555 மீட்டர். மணிக்கு 45 மைல் என்பது வினாடிக்கு 20.1 மீட்டர். விடை 230 மீட்டர்தான்!

வேகத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தோம். ஆரம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. 230 மீட்டர் ஆரமுள்ள சாலை ஓடையோடு ஒட்டி வளையும், ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போகும். 555 மீட்டர் ஆரமுள்ள சாலைக்கு அந்த நெகிழ்வு கிடையாது. எதிரே மலையின் முழங்கால் நீட்டிக்கொண்டிருந்தால் அதை வெட்ட வேண்டும். ஏரி குறுக்கிட்டால் அதன் ஓரத்தைத் தூர்க்க வேண்டும்.

அடுத்து, வண்டியை நிறுத்தும் தொலைவு. ஓட்டுநர் தடையைக் கண்டு பிரேக்கை மிதிக்க இரண்டரை வினாடி ஆகும் என்றும், அதன்பின் வண்டியின் வேகம் வினாடிக்கு 3.4 மீட்டர் வீதம் குறையும் என்றும் கொள்வது வழக்கம். 70 மைல் வேகத்தில் முதலில் 78 மீட்டர், பின்னர் 144 மீட்டர், ஆக 222 மீட்டர். 45 மைல் வேகத்தில் 50-ம் 60-ம் சேர்ந்து 110 மீட்டர். சரியாகப் பாதி. இதனால் மலைக்கு என்ன என்கிறீர்களா? வளைவில் செல்லும் ஓட்டுநர் தம் முன்னே அந்த 222 மீட்டரையும் கண்ணால் பார்க்க முடிய வேண்டும். உட்புறம் பாறை மறைத்தால் பாறையைச் செதுக்கியாக வேண்டும். எவ்வளவு? பார்வைத் தொலைவின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் போதும். (வட்டத்தின் நாண் பற்றிய தேற்றத்திலிருந்து இதை நீங்களே வருவிக்கலாம், முயன்று பாருங்கள்.) 70 மைலுக்கு 11 மீட்டர், 45 மைலுக்கு ஆறரை மீட்டர். இந்த மீட்டர்கள் வண்டி ஓடும் தடத்தின் நடுவிலிருந்து மலைப்பக்கம் அளந்தவை.

இதன்மேல் அகலம். இன்டர்ஸ்டேட் விதிப்படி குறைந்தது நான்கு தடங்கள். ஒவ்வொன்றும் 12 அடி. பழுதான வண்டி ஒதுங்க வலப்புறம் 10 அடி, இடப்புறம் 4 அடி. இரு திசைகளுக்கும் சேர்த்து மொத்தம் 76 அடி. நடுத்திட்டு தனி. செங்குத்துச் சரிவின் அடியில் 76 அடிச் சமதளம் வேண்டுமென்றால் சரிவின் காலை வெட்ட வேண்டும். உதிர்ந்த கற்கள் குவிந்து கிடக்கும் மலைச்சரிவு ஒரு குறிப்பிட்ட கோணத்தில்தான் நிலைத்து நிற்கும் என்பதை மணற்குவியலில் பார்த்திருப்பீர்கள். குவியலின் அடியிலிருந்து ஒரு கை மணலை அள்ளினால், மேலேயிருந்து எவ்வளவு சரிகிறது! ஃபிராங்கோனியாவில் பெருமழையின்போது தானாகவே சரிவுகள் இறங்கிப் பழைய சாலையை மூடியதும் உண்டு.

ஓசையையும் சொல்லிவிடுகிறேன். திறந்த வெளியில் ஒற்றைக் காரின் ஓசை, தொலைவு இரட்டிக்கும்போது 6 டெசிபெல் குறையும். இடைவெளியின்றி வண்டிகள் ஓடும் சாலையோ ஒரு புள்ளியன்று, ஒரு கோடு. அதன் ஓசை 3 டெசிபெல்தான் குறையும். இருபுறமும் பாறைச் சுவர் இருந்தால் அந்தக் குறைவும் முழுமையாகக் கிடைக்காது.

எதிர்த்தவர்களின் வழி

காடுகள் பாதுகாப்புச் சங்கமும், 1876-ல் தொடங்கப்பட்ட அப்பலாச்சிய மலைக் கழகமும் எதிர்ப்பில் முன்னின்றன. 1960-களின் நடுப்பகுதி வரை இவர்களிடம் இருந்த ஆயுதம் கடிதமும் கூட்டமும் மட்டுமே. பின்னர் சட்டம் துணைக்கு வந்தது. 1966-ல் வந்த போக்குவரத்துத் துறைச் சட்டத்தில் ஒரு பிரிவு, பொதுப் பூங்காவின் வழியே மத்திய அரசுப் பணத்தில் சாலை போட வேண்டுமானால், ஏற்கத்தக்க மாற்று வழி வேறொன்றும் இல்லை என்று தெளிவாக வேண்டும் என்றது. இந்தப் பிரிவு வெறும் அலங்காரம் என்று பலர் நினைத்திருந்தார்கள். 1971-ல், மெம்ஃபிஸ் நகரின் ஓவர்டன் பூங்கா வழக்கில், அது அலங்காரம் அன்று என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1970-ல் நடைமுறைக்கு வந்த இன்னொரு சட்டம், பெரிய திட்டங்களால் சுற்றுப்புறத்துக்கு என்ன நேரும் என்பதை முன்கூட்டியே எழுதிக் காட்ட வேண்டும் என்றது.

1974-ல் ஃபிராங்கோனியா விவகாரம் நீதிமன்றத்துக்குச் சென்றது. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். கணவாய்க்குத் தெற்கிலும் வடக்கிலும் நான்கு தடச் சாலை போட்டு வந்துவிட்டால், இடையிலுள்ள எட்டு மைல் புனலின் குழாய் மாதிரி ஆகிவிடும். வண்டிகள் தேங்கும். 'இனி வேறு வழியில்லை' என்று எல்லோரும் சொல்வார்கள். எனவே கணவாய்க்குள் ஒரு கல் பெயரும் முன்பே, அதை நோக்கி வரும் பகுதிகளைப் பற்றியும் கேட்க வேண்டியிருந்தது. ஒரு திட்டத்தைத் துண்டு துண்டாகப் பார்த்தால் ஒவ்வொரு துண்டும் நியாயமாகவே தோன்றும்; இது சாலைகளுக்கு மட்டும் உரிய விந்தையன்று.

மக்களை ஒன்று திரட்டியது மலைக்கிழவரின் முகம். 'வெடி வைத்துப் பாறையைத் தகர்த்தால் அதிர்ச்சியில் முகம் விழுந்துவிடும். லாரிகள் ஓடும் அதிர்வே போதும்' என்றார்கள். இதில் எவ்வளவு உண்மை? வீட்டருகே கனத்த லாரி போனால் அலமாரியில் பாத்திரங்கள் கிலுகிலுக்கும். நான்கு வீடு தள்ளி அது கேட்காது. பாறைக்குள் பரவும் அலையின் வீச்சு, தொலைவு இரட்டித்தால் பாதியாகும். பாறை உறிஞ்சுவதால் இன்னும் குறையும். ஆயிரம் அடிக்கு மேல் உயரத்திலிருந்த முகத்தை லாரிகளின் அதிர்வு தொட்டிருக்காது என்பது என் கருத்து. வெடியைப் பற்றிய அச்சத்துக்கு மட்டும் ஓரளவு இடமுண்டு; ஏற்கெனவே விரிசல் கண்ட பாறைக்கு அடியில் மாதக்கணக்கில் வெடி வைப்பது விவேகமாகாது. எனினும் எதிர்ப்பாளர்களின் வலுவான வாதம் முகத்தில் இல்லை. வளைவிலும் அகலத்திலும் இருந்தது. கூட்டத்தைச் சேர்த்தது முகம், வழக்கை நிறுத்தியது கணக்கு என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு.

கடைசியில் தீர்வும் கணக்கிலிருந்தே வந்தது. சாலையே வேண்டாம் என்ற நிலையிலிருந்து எதிர்ப்பாளர்களும், 70 மைல் வேகம் கட்டாயம் என்ற நிலையிலிருந்து அதிகாரிகளும் இறங்கினார்கள். 1973-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தில், இந்தக் கணவாய்க்கு மட்டும் இன்டர்ஸ்டேட் விதிகளிலிருந்து காங்கிரஸ் விலக்களித்தது. 'பூங்காச் சாலை' ஒன்று போடலாம் என்றது. 1977-ல் இரு தரப்பும் உடன்பட்டன. 1980-களில் பணி நடந்து, 1988-ல் சாலை திறக்கப்பட்டது. பெரும்பகுதியில் ஒரு திசைக்கு ஒரே ஒரு தடம், நடுவில் தடுப்பு, வேக வரம்பு 45 மைல். அமெரிக்க இன்டர்ஸ்டேட் அமைப்பில் இத்தகைய பகுதியைக் காண்பது மிக அரிது. இன்று வடக்கு நியூ ஹாம்ப்ஷயரில் இதே சாலையில் 70 மைல் வேகத்தில் வருபவர்கள், கணவாயின் வாசலில் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

தடுப்பு வந்ததால் நேருக்கு நேர் மோதும் அபாயம் குறைந்தது என்பதைக் கவனியுங்கள். பாதுகாப்புக்குத் தேவைப்பட்டது அந்தத் தடுப்பு. அகலமும் வேகமும் அதனோடு ஒட்டிக்கொண்டு வந்தவை. இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் இத்தனை ஆண்டுகள் ஆயின. புதிய சாலையோடு, மிதிவண்டிக்கும் நடப்பவர்களுக்கும் தனிப் பாதையொன்றும் அமைந்தது.

கிழவர் என்ன ஆனார்?

2003-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் பின்னிரவில் மலைக்கிழவரின் முகம் விழுந்தது. விழுந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை. மேகம் கலைந்தபோது பாறை விளிம்பு வெறுமையாக இருந்தது.

சாலை திறந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. நிலவியலாளர்கள் காட்டும் காரணம் நீரும் குளிரும்தான். விரிசலில் புகுந்த நீர் உறையும்போது அதன் பருமன் 9 விழுக்காடு கூடுகிறது. பாறையை ஆப்பு வைத்ததுபோல் பிளக்கிறது. மறுநாள் உருகி, இன்னும் ஆழமாக இறங்கி, மறுபடி உறைகிறது. அதோடு கிரானைட்டிலுள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் நீர் பட்டுப் பட்டு மெல்ல மெல்லக் களிமண்ணாக மாறுகிறது. முகத்தின் பெரும்பகுதி பாறை விளிம்புக்கு வெளியே தொங்கியது. பின்புறத்தில் பிடித்திருந்த சிறு பகுதிதான் அதன் எடையைத் தாங்கியது. அங்கே பிடிப்பு தளர்ந்ததும் நெம்புகோல் விதி தன் வேலையைச் செய்தது.

இந்த அபாயம் முன்பே தெரிந்திருந்தது. 1916-ல் எட்வர்ட் கெட்டிஸ் என்பவர் நெற்றிக் கல்லை இரும்புக் கம்பிகளால் பின்பாறையோடு இழுத்துக் கட்டினார். 1958-ல் மேலும் கம்பிகளும் சிமெண்டும் நீர் வடிய வாய்க்காலும் சேர்க்கப்பட்டன. பின்னர் ஒவ்வொரு கோடையிலும் கயிற்றில் தொங்கிக்கொண்டு விரிசல்களை அடைத்தவர் நீல்ஸ் நீல்சன். அவர் மாநில நெடுஞ்சாலைத் துறையின் ஊழியர்! அவர்கள் எதிர்த்துப் போராடிய விசை எவ்வளவு என்று பார்ப்போமா? கிரானைட் ஒரு பாகை வெப்பத்துக்குத் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 8 பங்கு விரிகிறது. குளிர்கால இரவுக்கும் கோடைப் பகலுக்கும் 60 பாகை வேறுபாடு என்று கொண்டால், 12 மீட்டர் உயர முகம் ஆண்டுதோறும் சுமார் 6 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். எஃகு விரிவதோ ஒன்றரை மடங்கு. கல்லும் கம்பியும் ஒத்து நடக்கவில்லை. கோடையில் கம்பி தளர்ந்தது, குளிரில் இறுகியது.

அப்படியானால் சாலையை எதிர்த்தது வீண்தானே என்று என் மாணவர் ஒருவர் கேட்டார். ஏரிகள் இருக்கின்றன, ஓடை இருக்கிறது, சரிவுகளின் கால் வெட்டப்படவில்லை, ஒரு டாலருக்கு வாங்கிய காடு நிற்கிறது என்றேன். அவருக்கு முழுத் திருப்தி இல்லை. எனக்கும் அந்த முகத்தைப் பற்றி வருத்தம் உண்டு.

ஏரிக்கரையில் 2011-ல் ஒரு நினைவுத் திடல் அமைத்திருக்கிறார்கள். அங்கே மேற்பகுதியில் மேடு பள்ளங்களுடன் கூடிய உயரமான எஃகுத் தூண்கள் நடப்பட்டுள்ளன. தரையில் ஒவ்வொருவரின் உயரத்துக்கும் ஏற்ப நிற்கும் இடம் குறிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் உயரத்துக்குரிய இடத்தில் நின்று தூணின் நுனியை மலை விளிம்போடு பொருத்திப் பார்த்தால், அருகிலுள்ள எஃகும் தொலைவிலுள்ள பாறையும் ஒரே கோட்டில் சேர்ந்து, பழைய இடத்தில் முகம் தோன்றுகிறது. ஓரடி நகர்ந்தால் மறைந்துவிடுகிறது.